குங்கும டப்பாவில் ஒரு பாலைவனக் கரப்பான்

எங்கள் வீட்டில் பூச்சிக்கு ஒரே வைத்தியம்தான், அப்பாவின் வலது கால் செருப்பு. ஆம்பூர் முழுக்க ஷூ தைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்தபோது அப்பா மட்டும் ஒரே ரப்பர் செருப்பை நான்கு வருடமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடக்க உதவியதைவிட அது அடிக்க உதவியதுதான் அதிகம். அடிபட்ட பூச்சிகளெல்லாம் கடைசியில் என்னிடம் வந்து சேரும். எனக்கு அப்போது பத்து வயது. செத்ததைக் காகிதத்தில் எடுத்துவைத்து, ஸ்கேலால் அளந்து, எத்தனை கால், என்ன நிறம், எங்கே கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதுவேன். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக்கூடாது என்பதில் எனக்கு அப்படி ஒரு வீறாப்பு. இன்று நினைத்தால் எனக்கே தாங்கவில்லை.

பள்ளிக் கண்காட்சியில் அந்த நோட்டுக்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். ஒரு எவர்சில்வர் கிண்ணம். அம்மா அதில்தான் தினமும் பொரியல் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கிண்ணம் வந்த கதையையும் திறந்துவிடுவாள் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அம்மாவின் கம்பெனியில் அத்தனை பேருக்கு என் நோட்டைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை.

அம்மா வேலை பார்த்தது ஹைவே ஓரத்தில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில், பாக்கிங் பிரிவில். தைத்து முடிந்து வரும் ஷூவைத் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து, தன் நம்பர் போட்ட சீட்டைச் செருகி மூட வேண்டும். அம்மாவின் நம்பர் முப்பத்தொன்று. சரக்கு வெளிநாட்டுக்குப் போவதால் அங்கே சட்டங்கள் ஜாஸ்தி. தையல் பிரிவில் ஓர் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து ஒரு ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகள் சேர்ந்து முழு ஊசியானால்தான் புது ஊசி கிடைக்கும். பாக்கிங்கில் இருக்கிற பெண்கள் மேலே போட்டுக்கொள்ளும் ஏப்ரனுக்குப் பாக்கெட்டே கிடையாது. பாக்கெட்டில் இருப்பது எதுவும் தவறிப் பெட்டிக்குள் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி. பை, போன், சாப்பாடு எல்லாம் வாசலில் செக்யூரிட்டிக்குப் பக்கத்து லாக்கரில் இருக்கும். அம்மா இதையெல்லாம் சொல்லச் சொல்ல எனக்கு ஒரே பொறாமையாக இருக்கும். உடைந்ததை டேப் போட்டு ஒட்டிப் பக்கத்தில் தேதி எழுதுகிற இடம் எனக்காகவே கட்டிய இடம் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு மலையடிவாரத்தில். பின்புறம் சீமைக்கருவேலங்காடு, அதற்கு மேலே பாறை. ஆடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை நல்ல மழை பெய்தது. சாயங்காலம் மழை விட்டதும் சருகுகளுக்கு நடுவே அதைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. மேலே வெள்ளைப் புள்ளிகள். முதலில் எனக்கும் குலை நடுங்கியது. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்பு வண்டு உண்டு, ஆறு வெள்ளைப் புள்ளிகளோடு. முந்தின வருடம் அண்ணன் அதைக் குச்சியால் குத்தப்போய், அது பின்பக்கத்திலிருந்து எதையோ பீய்ச்சியடித்தது. கணுக்கால் கொப்பளித்துவிட்டது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா ஒரு வாரம் புலம்பினார். அன்றிலிருந்து புள்ளி போட்ட கறுப்புப் பூச்சி எதுவானாலும் எங்கள் வீட்டில் விசாரணை கிடையாது, நேராகச் செருப்புதான்.

ஆனால் நான் எண்ணிவிட்டேன். ஏழு புள்ளிகள். காலியான பிளாஸ்டிக் குங்கும டப்பாவில் அதைப் பிடித்து, மூடியில் ஊசியால் ஓட்டைகள் போட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடுதான் இருந்தேன். உயிரோடு இருக்கிற ஒன்றை நான் அளந்தது அதுதான் முதல் தடவை. நீளம் இரண்டரை சென்டிமீட்டர். உடம்பு அகன்று, கிட்டத்தட்ட வட்டமாக. இடது இறக்கையில் நான்கு புள்ளி, வலதில் மூன்று. வண்டுக்கு முதுகின் நடுவே வகிடு எடுத்த மாதிரி நேர்கோடு ஓடும். இதற்கு அப்படி இல்லை. கோட்டுப் போட்டவர்களுக்கு ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் ஏறியிருக்குமே, அப்படி இடது இறக்கை வலதின் மேல் ஏறியிருந்தது. தொட்டால் தோல் மாதிரி இருந்தது. ஆம்பூரில் பிறந்தவளுக்குத் தோல் எது என்று விரல் சொல்லிவிடும். தலை முன்னால் நீட்டிக்கொண்டில்லாமல் கீழே மறைந்திருந்தது. இடது பக்க உணர்கொம்பு பாதி உடைந்திருந்தது. பிடிக்கும்போது நான் உடைத்ததா, ஏற்கெனவே அப்படியா என்பது தெரியவில்லை. 'பாதி உடைந்திருக்கிறது' என்று மட்டும் எழுதினேன்.

அண்ணனின் போனைக் கெஞ்சி வாங்கிப் படம் எடுத்துத் தேடினேன். இங்கிலீஷில் பாலைவனக் கரப்பான் பூச்சி என்று போட்டிருந்தது. ஆம்பூரில் எங்கே பாலைவனம் என்று முதலில் குழம்பினேன். பிறகு மணல் மட்டுமே கிடக்கும் பாலாறு ஞாபகம் வந்ததும் சமாதானமாகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்ததில் இவ்வளவு புரிந்தது: புதர்க்காட்டில் மண்ணுக்கும் சருகுக்கும் அடியில் இருக்கும். வீட்டுக்குள் குடித்தனம் நடத்தாது. கடிக்காது, பீய்ச்சாது. அந்த ஆறு புள்ளி வண்டு என்று நினைத்து மற்ற பிராணிகள் பயந்து விலகும், அந்தப் பயத்திலேயே இது பிழைக்கும். பெயருக்கான இடத்தில் 'பாலைவனக் கரப்பான் பூச்சி' என்று கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அதற்குக் கீழே 'கிடைத்த இடம்' எழுதினேன். 'வைத்த இடம்' என்று தலைப்புப் போட்டு நிறுத்தினேன், ஏனென்றால் எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

சாயங்காலம் அண்ணன் டப்பாவைப் பார்த்துவிட்டான்.

"ஏய், அது அந்த ஆசிட் வண்டுடி. அப்பா வரட்டும், சொல்றேன்."

"வண்டு இல்லடா. கரப்பான். ஏழு புள்ளி இருக்குது பாரு."

"ஆறோ ஏழோ, அதுகிட்ட நின்னு எண்ணினு இருப்பாங்களா?" என்றான்.

வாசலில் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டது. கொடியிலிருந்து எடுத்து மடித்து, மறுநாளைக்காகக் கதவுப் பக்கம் வைத்திருந்த அம்மாவின் ஏப்ரன் கண்ணில் பட்டது. அதன் உட்புறம், இடுப்புக்கு நேராக, அம்மா ஒரு சின்னப் பாக்கெட் தைத்திருந்தாள். என் பழைய கவுனில் வெட்டிய மஞ்சள் பூப்போட்ட துணி. பாக்கெட் கூடாது என்று சொன்ன அதே அம்மாதான் தைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, கைக்குட்டைக்கு என்று நினைத்துக்கொண்டேன். டப்பாவை அதற்குள் தள்ளிவிட்டு, அப்பாவுக்கு முன்னால் போய் வெறுங்கையை நீட்டிக் காட்டினேன். ராத்திரி எடுத்துவிடலாம் என்று படுத்தவள் தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்தபோது அம்மாவும் இல்லை, ஏப்ரனும் இல்லை. ஏழரைக்கே கம்பெனி வேன் போயிருந்தது.

அன்று பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டப்பாவின் மூடி இறுக்கமா தளர்வா என்பதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை போடும்போது மூடியின் ஓரம் லேசாக விரிசல் விட்டதும் மதியம்தான் ஞாபகம் வந்தது. கடைசி மணி அடித்து வெளியே வந்தால், பள்ளி வாசலில் ஸ்கூட்டியோடு ஆபா நின்றிருந்தார். ஆபா என்றால் உருதுவில் அக்கா. அம்மாவின் லைன் சூப்பர்வைசர். கம்பெனியில் எல்லோருக்கும் ஆபா, அதனால் எனக்கும் ஆபா. வேலை நேரத்தில் அவர் வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, உன் பூச்சி நோட்டு எங்க, பையிலயா? ஏறு, ஏறு. டைம் கம்மி."

வண்டியிலேயே திரும்பித் திரும்பிச் சொன்னார். சென்னையிலிருந்து வெளிநாட்டுக்காரர்களின் சார்பில் சரக்கைச் சோதிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். கையில் கிடைத்த பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். அப்படித் திறந்த ஒரு பெட்டியில் ஷூவுக்குள்ளிருந்து ஒரு பூச்சி வந்திருக்கிறது.

"மேனேஜர் வண்டுன்றாரு, அந்தாளு கரப்பான்றாரு. போன்ல போட்டுப் பாத்தா ரெண்டும் வருது. உள்ள கரப்பான் குடியிருக்குதுன்னு எழுதிட்டார்னா மொத்த லாட்டும், அத்தன பொட்டியும் நின்னு பூடும். எந்த நம்பர் பொட்டின்னு வேற பாத்துட்டாங்க."

"எந்த நம்பர் ஆபா?"

"உங்கம்மா நம்பர்." வண்டியின் வேகத்தைக் கூட்டினார். "அதான், பரிசு வாங்கின பொண்ணு ஒண்ணு இருக்குது, இட்டுனு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். பயப்படாத. பாத்துட்டு இன்னா பூச்சின்னு சொல்லு, போதும்."

அம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன். ஆபா ஹாரன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

பாக்கிங் பிரிவில் லைன் நின்றிருந்தது. சுவர் ஓரமாக முப்பது பெண்களுக்கு மேல் ஒரே நிற ஏப்ரனும் தலைத்துணியுமாக நின்றிருந்ததில் அம்மாவைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. தலையை மிகச் சின்னதாக ஆட்டினாள், வேண்டாம் என்கிற மாதிரி. இடது கையால் இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தாள். வயிற்றுவலி என்று நினைத்தேன்.

மேசை மேல் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. உடைந்த ஊசித் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்த பக்கத்தில், கடைசி வரியில், டேப்புக்கு அடியில் என் ஏழுபுள்ளி. அதையும் ஊசியைப் போலவே ஒட்டிவிட்டார்கள். ஒரு பின்னங்கால் மட்டும் டேப்புக்கு வெளியே இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆபாவின் கை என் தோளில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

"வாம்மா, நீங்கதான் பூச்சி டாக்டரா?" என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவசரமில்ல. பாத்துச் சொல்லுங்க. வண்டா, கரப்பானா?" என்றார்.

மேனேஜர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். வண்டு என்று சொல் என்று அவர் கண் கெஞ்சியது. வண்டு என்றால் ஜன்னல் வழியாகப் பறந்து வந்தது என்று முடித்துவிடலாம். என்னால் முடியவில்லை. நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிய பெயர் அது.

"கரப்பான்தான் சார்" என்றேன்.

சுவர் ஓரத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். நான் அவசரமாகத் தொடர்ந்தேன்.

"ஆனா ஊட்டுக் கரப்பான் இல்ல சார். இது பாலைவனக் கரப்பான். காட்டுல மண்ணுக்குள்ள இருக்கும். உள்ள வந்து குடியிருக்காது. வண்டுன்னா முதுகுல நடு வகிடு இருக்கும், இதுக்குப் பாருங்க, இடது மேல, வலது கீழ. புள்ளி நாலும் மூணும் ஏழு. வண்டுக்கு ஆறுதான்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். எண்ணினார். போனில் நான் சொன்ன பெயரைப் போட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இளகியது. மேனேஜர் முதல்முறையாக மூச்சு விட்டார். "அப்ப இது வெளிய இருந்து வந்தது. ஒண்ணே ஒண்ணு" என்றார் இன்ஸ்பெக்டர். "நோட்டக் குடுங்க, அதுல இருக்கிறத அப்படியே ரிப்போர்ட்ல எழுதிக்கிறேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நோட்டு வெளிநாட்டுக்குப் போகப்போகிறது.

அவர் ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்து, டேப்பைப் பார்த்துச் சரிபார்த்தார். நீளம், சரி. புள்ளி, சரி. தலை மறைந்திருக்கும், சரி. 'இடது உணர்கொம்பு பாதி உடைந்திருக்கிறது.' அதைப் படித்துவிட்டு டேப்பைப் பார்த்தவர் நிமிரவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்கும் இடதுதான் பாதி இருக்கு" என்றார் மெதுவாக. "கால்ல ஏதோ செகப்பா ஒட்டியிருக்கு. உங்க நோட்ல கால் கறுப்புன்னுதான் போட்டிருக்கு." பிறகு பக்கத்தின் கடைசிக்கு விரலை நகர்த்தினார். "வைத்த இடம்னு போட்டுட்டு ஒண்ணும் எழுதலையேம்மா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஊமையாக நின்றிருப்பேன். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அம்மா மேல் பழி வரப்போகிறது, செய்தது நான், நான் சொல்லிவிட்டால் அம்மாவை விட்டுவிடுவார்கள். என் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

"நான்தான் சார் வெச்சேன். அம்மாக்குத் தெரியாது. குங்கும டப்பால போட்டு அம்மா ஏப்ரன் பாக்கெட்ல வெச்சேன். அப்பா செருப்பால அடிச்சிடுவாருன்னு. அம்மா மேல தப்பு இல்ல சார்."

சொல்லி முடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நின்றேன்.

"பாக்கெட்டா?" என்றார் மேனேஜர். "எந்தப் பாக்கெட்?"

அப்போது ஒன்று நடந்தது. பூச்சிகளையே கவனித்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பவில்லை. சுவர் ஓரத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரின் இடது கையும் இடுப்புக்குப் போனது. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு. என் தோளில் இருந்த ஆபாவின் கையும் எடுபட்டு அவர் இடுப்புக்குப் போனது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி வருமா என்று யோசித்தேன்.

"முப்பத்தொண்ணு, முன்னால வாம்மா. ஏப்ரனத் திருப்பிக் காட்டு" என்றார் மேனேஜர். "எத்தினி வாட்டி சொல்றது, பாக்கெட் கூடாதுன்னு? இன்னா வெச்சிருந்த அதுல?"

அம்மா ஓர் அடி வைத்தாள். ஏப்ரனைத் திருப்பாமல் அதன் ஓரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செருப்பை ஓங்கிய அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்துகிற கை அது. நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தேன். அதற்குள் ஆபா நடுவில் வந்துவிட்டார்.

"சார், அவளக் கேக்காதீங்க. நான் சொல்றேன். ஒரு நிமிஷம் அந்தாண்ட வாங்க."

இருவரும் தீயணைப்புக் கருவி மாட்டியிருந்த மூலைக்குப் போனார்கள். ஆபா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது. மேனேஜருக்குக் காது சிவந்துவிட்டது. தீயணைப்புக் கருவியில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு நேரம் அதையே பார்த்தார். இன்ஸ்பெக்டர் என் நோட்டின் பழைய பக்கங்களைத் திடீரென்று மிகுந்த அக்கறையோடு புரட்டத் தொடங்கினார். ஆபா சொன்னது ஏதோ பெரிய மந்திரம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். கேட்டபோது அம்மா சொல்லவில்லை.

இன்னும் பத்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரு தொழிலாளியின் குழந்தை தவறுதலாக வைத்த காட்டுப்பூச்சி ஒன்று, கட்டடத்தில் வேறு பூச்சி இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாட்டு தப்பியது. அம்மாவின் வேலையும் தப்பியது. எனக்குச் சாக்லேட் ஒன்று கொடுத்துவிட்டு அவர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார்.

அவர் போனதும் மேனேஜர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "இருக்கிற எல்லாத்தையும் இன்னிக்கே பிரிச்சிடுங்க. ஒரு துணி பாக்கி இருக்கக்கூடாது."

நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிகள் மேசைகளில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். பெண்கள் ஏப்ரனைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, ஒருவர் முடித்ததும் அடுத்தவராகப் பிரித்தார்கள். பிரித்த துணியை எங்கேயாவது எறியக்கூடாதே, அதற்கும் சட்டம் உண்டு. ஒவ்வொன்றும் மேசைக்கு வந்தது. ஆபா நம்பரைச் சொல்லச் சொல்ல, ஒரு பையன் ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினான். சேலைக் கரை, தலையணை உறை, யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சட்டை, ஆபாவுடையது பச்சையில் ஜரிகை. என் மஞ்சள் பூக்கவுன் முப்பத்தொன்று. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒவ்வொன்றும் எந்தத் துணி என்று மனதுக்குள் அடையாளம் சொல்லிக்கொண்டே நின்றேன். "அது என் கவுன்!" என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வேனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அடி நிச்சயம் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அது பீய்ச்சாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கைய உட்டா நீ அந்தப் புள்ளிப் பூச்சிய வெச்சினு இருந்த டப்பா காலியா இருக்குது. யார் கண்ணுல அடிக்கப்போவுதோன்னு காலைல இருந்து செத்துச் செத்துப் பொழச்சேன்."

நான் அழுதுவிட்டேன். அம்மா என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "செத்துப்போச்சா அது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக்கூடாதே.

அடுத்த மாதம் அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன், "ஒண்ணுமில்ல, சும்மா லீவு" என்றாள். எனக்குத் தலைபின்னி, சூடாகச் சோறு போட்டு அனுப்பினாள். அதற்கடுத்த மாதமும் அதேபோல் இரண்டு நாள், சில மாதம் மூன்று நாள். பள்ளியிலிருந்து வரும்போது அம்மா வீட்டில் இருப்பது எனக்கு அதுவரை கிடைக்காத சுகம். ஆபாவுக்குப் பிறகு லைன் சூப்பர்வைசர் அம்மாதான் என்று பேச்சு இருந்தது. தவறாமல் வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் அது என்று சொல்லி வேறு யாருக்கோ போனது. அப்பா அதற்குச் சத்தம் போட்டார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், சூப்பர்வைசர் ஆனால் லீவு கிடைக்காதே.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போதுதான், ஒரு நாள் வகுப்பு நடுவில், பையிலிருந்து எடுத்த நாப்கினைக் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துக்கொண்டு, பையன்கள் உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டி எழுந்து போக வேண்டியிருந்தது. என் யூனிஃபார்மில் பாக்கெட் இல்லை. ஒரு பாக்கெட் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வகுப்பு வாசலைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. அம்மாவின் கம்பெனி வாசலில் லாக்கர், லாக்கருக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி. அங்கே முதலுதவி அறையில் நாப்கின் கேட்டால் எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், எழுதி வாங்குகிறவர் ஓர் ஆண். முப்பது பெண்களும் சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில் தைத்துக்கொண்ட துணி. அம்மாவுக்கு மற்றவர்களைவிடப் போக்கு அதிகம், கர்ப்பப்பையில் கட்டி என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் எப்படியோ இடுப்பில் செருகிச் சமாளித்திருக்கிறார்கள். அம்மாவால் முடியவில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து இன்று வரைக்கும் கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழுபுள்ளியின் பக்கத்தில், காலியாக விட்டிருந்த 'வைத்த இடம்' என்பதற்கு நேராக, அன்று ராத்திரியே பூர்த்தி செய்திருக்கிறேன்: 'அம்மா ஏப்ரனின் உள் பாக்கெட். இப்போது பிரித்துவிட்டார்கள்.' அதற்குக் கீழே மாதா மாதம், வேறு வேறு பேனாவில், ஒரு சின்னக் குறிப்பு தொடர்கிறது. அம்மா வீட்டில் இருந்த நாட்களின் தேதி. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஒரு பூ வரைந்து வைத்திருக்கிறேன்.